நூற்றுக்கு இரண்டு

இருபத்தோராம் நாள், வெடியால மூன்றரைக்கு,
தட்டை இழுத்தால்
மஞ்சளாய் ஒரு சத்தம்.
பரமத்தி சாலை ஹேச்சரியில்
எங்கள் மேசைக்கு ஆறு பேர்.
இடது கையில் எடுத்து
வலது கையால் சிறகை விரிக்க வேண்டும்.
ஒரு வரிசை இறகு நீண்டிருந்தால் பெட்டை.
இரண்டும் ஒரே மட்டம் என்றால் சேவல்.
மூன்று விநாடி.
பெட்டைக்கு அட்டைப்பெட்டி.
சேவலுக்கு நீல டிரம்.

கொஞ்சம் சேவல் சாயத்தில் முங்கி
பச்சையும் ரோஸுமாய்த் தேர்க்கடைக்குப் போகும்.
அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று
இன்றுவரை தெரியவில்லை.

புதன்கிழமை வேதபாடத்தில் ஐயர் சொன்னார்:
உலகம் உண்டாகுமுன்னே
தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் உண்டு.
"ஏனுங்க ஐயரே, தெரிந்துகொள்ளப்படாதவங்க?"
ஃபேன் சுற்றியது.
"அதை நாம் கேட்கக் கூடாதம்மா."
நல்ல மனுசர், முகம் வாடித்தான் சொன்னார்.
பிறகு சுயசித்தம் என்றார். கதவு என்றார்.
அவர் தட்டுகிறார்,
திறப்பது உன் கையில் என்றார்.
என் கையை எனக்குத் தெரியும்.
மணிக்கு ஆயிரத்து இருநூறு.

தீத்துவுக்காகத்தான் கேட்டேன்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போன என் தம்பி.
திடப்படுத்தலுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை
கிரீஸ் துடைக்க எடுத்துப்போனவன்.
சத்தீஸ்கரில் எங்கேயோ நின்று
தொள்ளாயிரம் அடி போயும் புகைதான் வருது என்று
ராத்திரி போன் செய்வான்.
"தண்ணி இருந்தா இருக்குது, இல்லாட்டி இல்ல.
நாம ஓட்டறதால வர்றதில்லக்கா."
"அப்பறம் எதுக்குடா ஓட்டறீங்க?"
"ஓட்டாம எப்படித் தெரியும்?"
ஜெபம் பண்ணு என்றால்
சிக்னல் இல்லை என்பான்.

ஒரு நாள் ராடு சரிந்தது.
கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள்,
மதிலை ஒட்டி, சீமைக்கருவேலம் எட்டிப்பார்க்கும் பக்கம்.
வழக்கத்துக்கு ஒரு பாட்டு குறைவாகப் பாடினார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்குமுன்
என் கையில் ஒன்று இருந்தது.
இறகைப் பார்த்துவிட்டேன். ஒரே மட்டம்.
இருட்டில் அது என் கட்டைவிரலைக் கொத்தியது,
விரல் என்று தெரியாமல்,
தீனி என்று நம்பி.
வெளிச்சம் வந்தபோது
பெட்டைகளின் பெட்டியில் இருந்தது.

நான் போட்டேன்.
நான்தான் போட்டேனா?
போடுவேன் என்று முன்னமே குறித்திருந்ததா?
அப்படியென்றால் அந்தக் கரண்ட்டும்?
அந்த ராடும்?

கம்பெனி நூற்றுக்கு இரண்டு தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.
மேலே போனால்தான் சம்பளத்தில் கை வைப்பார்கள்.
அப்படியொரு சலுகை பரலோகத்தில் உண்டா என்று
ஐயரிடம் கேட்கவில்லை.
மறுபடி அவர் முகத்தை வாட வைக்க மனசில்லை.

காப்பாற்றினேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.
பெட்டிக்குப் போனதெல்லாம் கூண்டுக்குத்தான் போகிறது.
எழுபத்திரண்டு வாரம்
கம்பிமேல் நின்று முட்டை. அப்புறம் லாரி.
மோகனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
தெரிந்துகொள்ளப்பட்டவைகளின் வாசஸ்தலங்களை
தினமும் தாண்டிப் போகிறேன்,
ஷெட் ஷெட்டாக, மூக்கைப் பொத்திக்கொண்டு.

மாசிக் கடைசியில்
சேந்தமங்கலம் பண்ணையிலிருந்து போன்.
பெட்டைக் கூண்டுக்குள் ஒன்று கூவுகிறதாம்.
சூப்பர்வைசர் சிரித்தார்.
"ரெண்டுக்குள்ளதானுங்களே, உடுங்க" என்று வைத்துவிட்டார்.
எந்த மேசை, யார் கை, ஒன்றும் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன்:
"எத்தனை தரம் கூவுச்சாமுங்க?"
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
அதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டது.
எடுத்தேன்.
கைக்குள் சூடாக இருந்தது.
சிறகை விரிக்க
மூன்று விநாடி போதவில்லை.